பழுப்பாகத் தெரிய வேண்டிய இடம்

பிப்ரவரி 12

மாமாவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன்.

நேற்று துறைத் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உங்கள் ஊர் மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரம்மா போன் செய்திருக்கிறார். போன மாதம் நான் உங்களுக்குச் செய்த உணவுக்குழாய் பரிசோதனையின் அறிக்கை வேண்டுமாம். அதே பரிசோதனையை அவர் மறுபடி செய்யப்போகிறாராம். நீங்களே போய்க் கேட்டீர்களாம். தலைவர் அதிகம் பேசவில்லை. "உங்க மாமாதானே? ஏதாவது குறை சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நெஞ்செரிச்சல் என்று வந்தீர்கள். தொண்டையை மரக்கச் செய்து, குழாயை விட்டு, வெள்ளை வெளிச்சத்தில் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பிறகு பொத்தானை அழுத்தி நீல வெளிச்சத்துக்கு மாற்றி, கீழிருந்து மேலே வந்தேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். மாமா என்பதால் அவர்களைக் காக்க வைத்துவிட்டு நிதானமாகவே பார்த்தேன். கீழ்முனையில் அமிலம் பட்டுப் புண்ணாகியிருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை. உங்கள் காதுக்காக அதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டீர்கள்.

அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கிறாள். "அவன் எப்பவும் அப்படித்தான்டா. ஒரு கடையில எடை போட்டு வாங்கினதை அடுத்த கடைத் தராசுல வச்சுப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்கே வருவான்" என்கிறாள். அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது. எனக்கு இல்லை.

அடுத்த மாதம் இங்கே நீல வெளிச்ச அறை என்று ஒன்றைத் தனியாகத் திறக்கிறார்கள். உணவுக்குழாயில் புற்று தலைகாட்டும்போதே கண்டுபிடிப்பதற்காக. அது என் பொறுப்பில் வருகிறது. இந்த நேரத்தில் என் சொந்த மாமாவே என் கண்ணை நம்பாமல் வேறொருவரிடம் போனார் என்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

உங்களுக்குப் போன் சரிப்படாது, தெரியும். ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம்.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கோபம் இருந்தாலும் உங்கள் மருமகன்தான்


பிப்ரவரி 17

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்துக்காக, இரண்டாவது முறை விஷயத்துக்காக. உன் எழுத்து இப்போதெல்லாம் மருந்துச் சீட்டு மாதிரி ஆகிக்கொண்டு வருகிறது. உன் அத்தைதான் சில வார்த்தைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

குறை எதுவும் நான் சொல்லவில்லை. "என் மருமகன் நல்லாத்தான் பார்த்தான், நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்றுதான் அந்த அம்மாவிடம் சொன்னேன். "நல்லா பார்த்தார்னா நான் எதுக்கு?" என்று அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். நான் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன். பட்டறையில் தகடு அடித்தே காது போனதில் எனக்குக் கிடைத்த ஒரே வசதி அது. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வியை எழுதியே காட்டினால்கூட விழுங்கிவிடலாம்.

அக்கா சொன்ன எடைக் கதை உண்மைதான். இரண்டாவது தராசில் எடை குறைந்த கதையையும் அவள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஏன் போனேன் என்று கேட்கிறாய். இங்கே பஸ் நிறுத்தத்திலிருந்து பக்கம் என்று வைத்துக்கொள். வேறு காரணம் ஒன்று இருந்தாலும் இருக்கலாம். அது சரியா தவறா என்று எனக்கே தெரியாதபோது உன்னிடம் சொல்லி உன்னைக் கலங்கடிக்க விரும்பவில்லை.

நீ எனக்கு ஒன்று எழுது. அந்த நீல வெளிச்சத்தில் நல்ல இடம் என்ன நிறத்தில் தெரியும்? கெட்ட இடம் என்ன நிறத்தில் தெரியும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். விளக்கமாக எழுது.

பரிசோதனை வெள்ளிக்கிழமை. அத்தையின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் வலிக்கிறது, கடைத்தெருவைப் பார்த்தால் வலிப்பதில்லை.

மாமா


பிப்ரவரி 22

மாமாவுக்கு,

காரணத்தைச் சொல்லமாட்டீர்கள், பாடம் மட்டும் நான் எடுக்க வேண்டும். சரி, எடுக்கிறேன்.

வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கும். அதில் பார்த்தால் உணவுக்குழாயின் உட்புறம் முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. ஆரம்பநிலைப் புற்று அதில் மறைந்துபோகும். மேடும் இருக்காது, பள்ளமும் இருக்காது. அதனால் நாங்கள் வெளிச்சத்தை வடிகட்டி, நீலத்தில் ஒரு கீற்று, பச்சையில் ஒரு கீற்று மட்டும் உள்ளே அனுப்புகிறோம். இரத்தம் அந்த நீலத்தை விழுங்கிவிடும். நீலம் ஆழமாகவும் போகாது, மேல்தோலோடு திரும்பிவிடும். ஆகவே மேல்தோலில் எங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாக முளைத்திருக்கின்றனவோ, அந்த இடம் மட்டும் தனித்துத் தெரியும். புற்று ஆரம்பிக்கும் இடத்தில் அப்படித்தான் முளைக்கும், சுருண்டு சுருண்டு.

நிறம் கேட்டீர்கள். நல்ல இடம் வெளிர்பச்சை. கெட்ட இடம் பழுப்பு. வேடிக்கை என்னவென்றால், உள்ளே பச்சையும் கிடையாது, பழுப்பும் கிடையாது. கேமரா எடுப்பது இரண்டு வெறும் படங்கள், நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று. எந்தப் படத்துக்கு எந்தச் சாயம் பூசித் திரையில் காட்டுவது என்று இயந்திரம் செய்தவர்கள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் கண்ணை அகல விரிப்பார்கள்.

உங்களுக்கு நான் பார்த்தபோது பழுப்பு எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் அங்கேயே ஒரு துணுக்கு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை முடிந்திருக்கும். முடிவு வந்ததும் எழுதுங்கள். அம்மா இப்போது சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "அவன் காரணம் இல்லாம பஸ்கூட ஏறமாட்டானே" என்று என்னையே கேட்கிறாள்.

மருமகன்


மார்ச் 2

மாப்பிள்ளை,

முடிவு வந்துவிட்டது. நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்து படி.

இருக்கிறது. உணவுக்குழாயின் நடுப்பகுதியில், இடது பக்கச் சுவரில், கட்டைவிரல் நகம் அளவுக்கு. மேல்தோலில் மட்டும்தான், கீழே இறங்கவில்லை என்கிறார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டாமாம். குழாய் வழியாகவே போய்ச் சுரண்டி எடுத்துவிடலாமாம். அதனால் நீ பதற வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் சொன்னார்கள். எரிச்சல் நீ சொன்ன அமிலப் புண்தான். உன் மாத்திரையில் அது அடங்கிவிட்டது.

அந்த அம்மா முதலில் உன்னைப் போலவே நீல வெளிச்சத்தில் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தேன். ஓர் இடத்தில் நிறுத்தி விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அயோடின் தெளித்தார். சுற்றிலும் நல்ல இடமெல்லாம் கறுத்துப்போய் அந்த இடம் மட்டும் வெளிறி நின்றது. அது எனக்கும் தெரிந்தது. கறுப்பும் வெளுப்பும் எனக்கு எப்போதும் தெரியும்.

இனி காரணத்தைச் சொல்கிறேன்.

நான் பட்டறைக்குப் போகும் முன் ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியில் ஒருவர் புள்ளிப் படங்கள் போட்ட புத்தகத்தை நடுவில் திறந்து, "என்ன எண் தெரியுது?" என்று கேட்டார். நான் வெறும் புள்ளிதான் என்றேன். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் வெறும் புள்ளி. "தம்பி, உங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. உங்க அம்மா வழியில வந்திருக்கும். உங்களுக்கு அக்கா தங்கச்சி இருந்தா அவங்க பையனுக்கும் வரலாம்" என்றார். வீட்டில் உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள். என் உயரத்தைப் பார்த்தும் நம்புகிறாள்.

நீ என்னைப் பரிசோதித்த அன்று, நீல வெளிச்சத்தில் குழாயை மேலே இழுத்து வந்தபோது, பக்கத்தில் நின்ற சிஸ்டர் திரையில் ஓர் இடத்தில் விரல் வைத்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வாயில் குழாய் இருந்ததால் நானும் கேட்க முடியவில்லை. நீ குனிந்து பார்த்தாய். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாய், அந்தப் பக்கம் சாய்த்தாய், கண்ணைச் சுருக்கினாய். நான் சிக்னல் விளக்கைப் பார்ப்பதும் அப்படித்தான். பிறகு இல்லை என்று தலையாட்டினாய். அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

அவர் விரல் வைத்த இடத்தை நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

போன வருடம் நீ எடுத்துவந்த சட்டை ஞாபகம் இருக்கிறதா? "பழுப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கும் மாமா" என்றாய். அத்தை பிரித்துப் பார்த்துவிட்டு, "இது பச்சைல்ல?" என்றாள். கடைக்காரன் மாற்றிக் கட்டிவிட்டான் என்று நீ சொன்னாய். வீட்டில் அத்தனை பேருக்கும் அது பச்சை. உனக்கும் எனக்கும் மட்டும்தான் பழுப்பு.

கண்ணைக் காட்டிக்கொள், மாப்பிள்ளை. நான் சொல்வது தவறாக இருந்தால் என்னைத் திட்டி எழுது. சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

மாமா


மார்ச் 6

மாமாவுக்கு,

நோயைக் கேட்டு வருந்துகிறேன். மேல்தோலோடு நிற்பது நல்ல செய்தி. எடுக்கப்போகும் தேதியைத் தெரிவிக்கவும். அம்மாவை அனுப்பிவைக்கிறேன்.

மற்ற விஷயம். நிறம் தெரியாத ஒருவன் இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. இரத்தக் கசிவைப் பார்த்திருக்கிறேன், புண்ணைப் பார்த்திருக்கிறேன், மஞ்சள் காமாலையைக் கண்ணைப் பார்த்தே சொல்லியிருக்கிறேன். எந்த டாக்டரும் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பதில்லை. உங்களுடையதை நான் தவறவிட்டேன். அதற்கு வருந்துகிறேன். அதற்காக ஒரு சட்டையை ஆதாரமாகக் காட்டி என் கண்ணையே குறை சொல்ல வேண்டியதில்லை.

மருமகன்


மார்ச் 15

மாமா,

முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். போடமாட்டீர்கள், தெரியும்.

அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து உங்கள் பரிசோதனையின் பதிவைத் திறந்தேன். நடுப்பகுதி, இடது சுவர். என்னுடைய படங்களில் அந்த இடத்துக்கே ஒரு படம் இருக்கிறது. அதாவது அங்கே நான் நின்றிருக்கிறேன். இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருண்டிருப்பதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். பழுப்பு இல்லை என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். "இதுல பழுப்பு எங்கயாவது தெரியுதா?" என்றேன். கேட்டு முடிப்பதற்குள் விரல் வைத்துவிட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அன்னைக்கே சொன்னேனே சார். நிழல்னு சொல்லிட்டீங்க" என்றார். "நீங்க இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே" என்றேன். "டாக்டர் ரெண்டு பக்கமும் தலையைச் சாய்ச்சுப் பார்த்துட்டு இல்லைன்னு சொன்ன பிறகு நான் என்ன சார் சொல்ல?" என்றார்.

எங்கள் கட்டடத்திலேயே கண் பிரிவு இருக்கிறது. அங்கே போகவில்லை. லீவு போட்டுவிட்டு, பெயர் தெரியாத ஒரு தெருவில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் இருக்கும் ஒரு கண் டாக்டரிடம் போனேன். தொழில் என்ன என்று கேட்டார். வியாபாரம் என்றேன். அதே புள்ளிப் புத்தகம். முதல் பக்கம் தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரியுமாம், ஏமாற்றுபவர்களைப் பிடிப்பதற்காக வைத்த பக்கமாம். அதற்குப் பிறகு எல்லாம் வெறும் புள்ளி.

"துணி வியாபாரம் மட்டும் வேண்டாம் சார்" என்று அவர் ஜோக் அடித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

முழுக் குருடு இல்லையாம். பளிச்சென்ற சிவப்பும் பளிச்சென்ற பச்சையும் பிரிந்து தெரியும். வெளிறினால்தான் கலந்துவிடும். அதனால்தான் இத்தனை காலம் தெரியவில்லை. எங்கள் படிப்பில் யாரும் கேட்கவும் இல்லை.

புதிய அறையின் திறப்பு இன்னும் பத்து நாளில். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. யாரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அறை போகும். அறை மட்டுமா போகும் என்றும் தெரியவில்லை. சொல்லாமல், நீல வெளிச்சத்தை மட்டும் இனி மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். உங்களைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க முடியாது.

உங்களுக்கு என்றைக்கு எடுக்கிறார்கள்?

மருமகன்


மார்ச் 21

மாப்பிள்ளை,

எடுத்தாகிவிட்டது. மயக்கம் கொடுத்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. விழித்தபோது உன் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஆரஞ்சு உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தாள். எனக்கு மூன்று நாளைக்குத் தண்ணீர் ஆகாரம்தான் என்பது அவளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எடுத்த துண்டின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க டீ குடிக்கக் கூடாதாம். புகைப்பழக்கத்தை விட்டபோதுகூட இவ்வளவு வருத்தமாக இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாள் படுத்துக்கொண்டு யோசித்ததால் சுருக்கமாகவே எழுத முடிகிறது.

நீ இனிமேல் ஒதுங்கிக்கொள்வது சரி. இதுவரை நீ பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினாயே, அவர்களை என்ன செய்வாய்? எனக்கு ஒரு மருமகன் இருந்தான். அவன் தலை சாய்ப்பது எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. நீ கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டில் இருப்பார்கள்.

உயரம் போதவில்லை என்று நான் சொன்னதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரயில் வேறொருவன் ஓட்டினான். நீ சொல்லாமல் இருப்பது அந்தக் கணக்கில் வராது.

அம்மாவிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நீயே சொல். அவள் வழியில் வந்தது என்று தெரிந்தால் அதற்கும் ஒருமுறை அழுவாள். ஆரஞ்சு வாங்கி வைத்துக்கொள்.

மாமா


ஏப்ரல் 19

மாமாவுக்கு,

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் தலைவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, "திறப்பு விழா முடியட்டும்னு காத்திருக்காம இன்னைக்கே வந்தீங்க பாருங்க, அதுக்காகக் கொஞ்சம் குறைவா கத்துறேன்" என்றார். குறைவாகக் கத்தியதே வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. உங்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். அறை என்னோடு படித்த ஒருவருக்குப் போனது. திறப்பு விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

நான் நீல வெளிச்சத்தில் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதிய எல்லோருடைய பதிவுகளையும் அந்த நண்பரும் இன்னொரு டாக்டரும் மறுபடி பார்த்தார்கள். சந்தேகம் இருந்தவர்களைத் திரும்ப வரச்சொன்னோம். அநேகம் பேருக்கு ஒன்றும் இல்லை. ஒருவருக்கு இருந்தது. பள்ளி வேன் ஓட்டுபவர். அவருக்குக் குழாய் வழியாக எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. முதலில் மருந்து ஏற்றிவிட்டு, ஜூன் தொடக்கத்தில் பெரிய அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள்.

அவரிடம் நானே போய்ச் சொன்னேன். தலைவர் வேண்டாம் என்றார், தான் சொல்வதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

"அப்போ நீங்க பார்த்தப்பவே இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு."

"அப்பவே பார்த்திருந்தா?"

"குழாய் வழியாவே எடுத்திருக்கலாம்."

"சரி" என்றார். பிறகு, வண்டியை யாரிடம் கொடுத்துவிட்டு வருவது என்று மனைவியிடம் பேச ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஒருவிதத்தில் நன்றாக இருந்திருக்கும். தினமும் போய்ப் பார்க்கிறேன். போனால் நகர்ந்து உட்கார இடம் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

இனி மற்றது. உள்ளே பழுப்பு கிடையாது, திரையில்தான் இருக்கிறது என்று உங்களுக்கு நானே எழுதினேன். மாணவர்களுக்கு வருடாவருடம் சொல்கிறேன். எனக்கென்று வந்தபோது அது உறைக்க இத்தனை நாள் ஆனது. இயந்திரத்தைப் பராமரிக்க வருபவரைப் பிடித்தேன். "வேற சாயம் பூச முடியுமா?" என்றேன். "முடியும் சார், யாரும் கேட்டதில்லை" என்றார். நல்ல இடத்துக்கு நீலம், இரத்தக் குழாய்கள் நெருங்கிய இடத்துக்கு மஞ்சள் என்று மாற்றச் சொன்னேன். உங்களுக்கும் எனக்கும் நீலமும் மஞ்சளும் ஒருநாளும் கலக்காது. மாற்றிய திரையில் உங்கள் பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். இடது சுவரில், நகம் அளவுக்கு, மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நோயிருந்த பதிவுகளையும் இல்லாத பதிவுகளையும் கலந்து, பெயரை மறைத்து, எனக்கு ஒரு தேர்வு வைத்தார்கள். ஒன்றைத் தவறவிட்டேன். பக்கத்தில் இருந்து பழைய நிறத்தில் பார்த்த நண்பரும் அதே ஒன்றைத் தவறவிட்டார். தலைவர் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். இப்போதைக்கு நான் தனியாகப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் பழைய நிறத்தில் இன்னொரு திரை ஓட வேண்டும். அதைச் சிஸ்டர் பார்ப்பார். அவர் விரல் வைத்த இடத்தில், எனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு துணுக்கு கிள்ளியே ஆக வேண்டும். விவாதம் கிடையாது. இது எனக்கு மட்டும் இல்லை, துறையில் எல்லோருக்கும் என்று தலைவர் சொல்லிவிட்டார். இதற்கு விரல் சட்டம் என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்கிறார்கள். சிஸ்டர் மட்டும் சிரிப்பதில்லை.

ஜூனில் உங்களுக்கு மறுபரிசோதனை. டாக்டரம்மாவிடமே போங்கள். அதுதான் நல்லது. நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

அம்மா அழுதாள். ஆரஞ்சு போதவில்லை.

மருமகன்


ஜூன் 8

மாப்பிள்ளை,

டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், இந்த முறை என் மருமகன் பார்க்கட்டும் என்று. "முதல்ல அவர் நல்லா பார்த்தார்னு இங்க வந்தீங்க. இப்போ அவர் தப்பா பார்த்தார்னு அங்க போறீங்களா?" என்று எழுதிக் காட்டினார். இந்த முறை காது கேட்காதவன் மாதிரி இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய அறிக்கைகள் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்திருக்கிறார். உன் மஞ்சள் திரையைப் பற்றி அவரும் விவரம் கேட்கிறார். எழுதிப் போடு.

வேன்காரர் எப்படி இருக்கிறார் என்று நீ எழுதவில்லை. வரும்போது அவரையும் பார்க்க வேண்டும். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவருக்கும் எனக்கும் ஒரே இடத்தில்தான் வந்தது, நான் முந்திக்கொண்டேன். அது என் சாமர்த்தியம் இல்லை என்றாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

திரையை என் பக்கமும் தெரிகிற மாதிரி வைக்கச் சொல். அந்தச் சிஸ்டர் இருக்கும் நாளாகப் பார்த்து நேரம் போடு. பஸ் காலையில் வந்துவிடும், நீ வந்து நிற்க வேண்டாம்.

அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன்.

மாமா


ஜூன் 19, பரிசோதனை அறையில், ஒரே தாளின் இரண்டு பக்கமும்

மாமா, முடிந்தது. எடுத்த இடத்தில் தழும்பு மட்டும் இருக்கிறது. தொண்டை மரத்திருக்கிறது, ஒரு மணி நேரம் பேச முயற்சி செய்யாதீர்கள். எதையும் குடிக்கவும் கூடாது.

பென்சில் கொடு. முழுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் திரையில் எல்லாம் நீலம்தான். தழும்பு வந்தபோது நிறுத்தினாயே, அங்கேயும் உற்றுப் பார்த்தேன். மஞ்சள் எங்கேயும் இல்லை. இந்த முறையும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உனக்கு?

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை மாமா.

சிஸ்டருக்கு?

அவரையே எழுதச் சொல்கிறேன்.

எனக்கும் ஒன்றும் தெரியல சார். விரல் எங்கயும் வைக்கல. சட்டை பச்சை நல்லா இருக்கு.

பழுப்பு.

மாமா, வேன்காரர் கீழ்மாடியில்தான் இருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்து, நேற்றிலிருந்து அவருக்கும் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து மூன்று பேரும் டீ குடிக்கலாம்.

ஆறவைத்துத்தானே.

ஆறவைத்துத்தான்.